பானை வைக்காத தை

தை பிறந்தால் வழி பிறக்கும் என்பது தமிழர் நாவிற் பழகிய பழமொழி. அறுவடை முடிந்து, களஞ்சியம் நிறைந்து, பட்ட கடன் தீர்ந்து, மகளுக்கு மணம் பேசும் காலம் தை ஆதலின் இம்மொழி எழுந்தது. உழவனுக்கு அது ஆறுதல் மொழி என்பதிலும் பார்க்கக் கணக்கு மொழி எனலாம். எனினும் வழி பிறக்காத தையும் உண்டு. மரணம் நிகழ்ந்த வீட்டில் அவ்வாண்டு பொங்கல் இல்லை. தீபாவளியும் சித்திரைப் புத்தாண்டும் அவ்வாறே ஓசையின்றிக் கழியும். அயல்வீடுகளிற் பால் பொங்கி வெடியோசை எழும் வேளையில், அவ்வீட்டு அடுப்பில் வழமையான தேநீர்க் கேத்தல் மட்டுமே இருக்கும்.

நன்றி கூறுவதற்கென்றே ஒரு நாளை வகுத்துக்கொண்ட சமூகம், துயருற்றோரை அந்நாளிலிருந்து விலக்கி வைத்தது ஏன்? துடக்கு என்பது வழக்கமாகக் கூறப்படும் விடை. ஆயின் அதனுள் ஓர் இரக்கமும் மறைந்திருக்கின்றது. இழந்தவனை நோக்கி, ‘பெற்றதற்கு நன்றி சொல்’ என்று உடனே கேளாதிருக்கும் இரக்கம் அது. ஓராண்டுக்கு அவன் நன்றி கூற வேண்டியதில்லை. கைகூப்பிச் சிரிக்க வேண்டியதில்லை. ஆனால் அவ்வாண்டு முடிந்ததும் வழக்கம் மீண்டும் வந்து வாயிலில் நிற்கின்றது. துக்கம் நாட்காட்டியைப் பார்த்து முடிவதில்லை. வழக்கமோ நாட்காட்டியை மட்டுமே பார்க்கின்றது. அந்நாளில் மனிதர் என்ன செய்கின்றனர்? கொழும்பு மாநகரின் இரு பகுதிகளில் வாழ்ந்த இரு முதிய ஆசிரியைகளின் வாழ்வு இவ்வினாவுக்குத் தந்த விடையே இங்கு நோக்கப்படுகின்றது.

கொழும்பில் தை எவ்வாறு வருகின்றது என்பதை முதலில் அறிதல் தகும். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் எனப் பழந்தமிழர் ஆண்டினை ஆறாகப் பகுத்தனர். கொழும்பின் வானம் இப்பகுப்புக்கு அடங்குவதில்லை. வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேற் பருவக்காற்று; மார்கழி முதல் மாசி வரை வடகீழ்ப் பருவக்காற்று; இடைப்பட்ட பங்குனி, சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பிற்பகல் இடிமழை. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை இந்நகரில் விழுகின்றது. வெள்ளவத்தையிற் பருவத்தை அறிவிப்பது கடலேயாகும். புகையிரதப் பாதைக்கு அப்பாற் கிடக்கும் அக்கடல், ஆனி ஆடியிற் கொந்தளித்துக் கருங்கற்களின்மேல் ஏறும். உப்புத் தூவானம் மேல்மாடி யன்னல் வரை எழுந்து இரும்புக் கம்பிகளைத் துருவேறச் செய்யும். தை பிறந்ததும் அதே கடல் குளத்து நீர்போல் அடங்கிக் கிடக்கும். வடக்கில் வயல் பொன்னிறமாவது எவ்வாறோ, அவ்வாறே வெள்ளவத்தையில் கடல் அடங்குவது தையின் வரவுக்கு அறிகுறி.

ஆயின் வயல் இல்லை. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் காலபோக நெல் அறுவடையாகும் அம்மாதத்தில், காலி வீதியின் கடைகளில் அரிசி பொதியாக வந்து இறங்குகின்றது. கரும்பு லொறியில் வந்து நடைபாதையோரம் சாத்தி வைக்கப்படுகின்றது. மஞ்சட்கொத்தும் இஞ்சிக்கொத்தும் மாவிலையும் விலைக்கு வாங்கப்படுகின்றன. முற்றம் இல்லாதவர் தொடர்மாடியின் சமையலறையில் எரிவாயு அடுப்பின்மேற் பானையை ஏற்றுகின்றனர். உழாத நிலத்துக்கும் கட்டி வளர்க்காத மாட்டுக்கும் நன்றி கூறும் இப்பொங்கல், வெறும் பழக்கத்தின் எச்சமா என ஐயுறுவோர் உளர். ஐயம் நியாயமானதே. ஆனால் இந்நகரின் வழிபாட்டு வரலாற்றை நோக்குமிடத்து, வழி அடைபட்ட இடத்தில் வேறு வழி கண்டோரின் வரலாறாகவே அது அமைந்திருப்பதைக் காணலாம்.

ஆடிவேல் விழாவை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கொள்ளைநோய் பரவும் என்ற அச்சத்தினால் கதிர்காம யாத்திரையை ஆங்கில அரசு கட்டுப்படுத்தியது. கதிர்காமம் செல்ல இயலாதோர் கொழும்பிலேயே வேலினைத் தேரேற்றி, செட்டியார் தெருவிலிருந்து காலி வீதி வழியாகப் பம்பலப்பிட்டி நோக்கி இழுத்துச் சென்றனர். 1874ஆம் ஆண்டளவில் இவ்விழா தொடங்கிற்று என்பர். செல்ல முடியாத தலத்தை நோக்கிய ஏக்கமே ஒரு புதிய விழாவாயிற்று. அக்காலி வீதியிலேதான் 1983ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தன. அகதி முகாம்களிலிருந்து கப்பலேறி வடக்கே சென்றோரிற் பலர் பின்னர் மீண்டு வந்தனர். 1995 ஐப்பசி இறுதியில் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது மேலும் பலர் வந்து சேர்ந்தனர். இன்று வெள்ளவத்தையில் எழுந்து நிற்கும் மாடிக் குடியிருப்புகளிற் பலவற்றின் யன்னல்களுக்குப் பின்னால், எங்கோ ஒரு முற்றத்தை விட்டு வந்த குடும்பம் இருக்கின்றது.

கொட்டாஞ்சேனையின் கதையும் இதற்கு ஒத்ததே. சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாற் புதுப்பித்தமைத்த பொன்னம்பலவாணேசுவரமும், கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலமும் ஒன்றுக்கொன்று அண்மையில் உள்ளன. ஒல்லாந்தர் ஆட்சியிற் கத்தோலிக்க வழிபாடு தடுக்கப்பட்டிருந்த காலத்தில், மறைந்து வாழ்ந்த குரு ஒருவரிடம் அப்பகுதி மீனவர் சென்று, தம் குடிசைகளைக் கடல் அரிப்பதைத் தடுக்குமாறு வேண்டினர் என்றும், அவர் கரையிற் சிலுவை நாட்டிச் செபித்தபோது கடல் பின்வாங்கிற்று என்றும் அத்தலத்தின் மரபு கூறும். பின்னர் அங்கு எழுந்த பெரிய ஆலயம் 1834ஆம் ஆண்டு ஆனித் திருவிழாவுக்கு முன் அர்ச்சிக்கப்பட்டது. செவ்வாய்க்கிழமைகளில் அங்கு மெழுகுதிரி ஏற்றுவோரிற் கத்தோலிக்கர் மட்டுமல்லர், சைவரும் பௌத்தரும் உளர். கேட்க வேண்டியதைக் கேட்பதற்கு அவர்கள் சமயம் பார்ப்பதில்லை.

இப்பின்னணியிலே இவ்விரு ஆசிரியைகளையும் நோக்குதல் வேண்டும். ஒருவர் வலிகாமத்தில் முற்றமும் கிணறும் உடைய வீட்டை விட்டு, 1996இற் கணவருடனும் மகனுடனும் வெள்ளவத்தைக்கு வந்தவர். மற்றவர் கொட்டாஞ்சேனையிற் பிறந்து அங்கேயே வாழ்ந்து வரும் கத்தோலிக்கர், மணமாகாதவர். இருவரும் நகரின் பெண்கள் பாடசாலையொன்றிற் பல்லாண்டு ஒருங்கே கற்பித்தனர். ஓய்வு பெற்ற பின்னரும் ஒருவரையொருவர் ‘ரீச்சர்’ என்றே அழைத்தனர்.

வெள்ளவத்தை அம்மையாரின் வீடு நான்காம் மாடியில் உள்ளது. அதன் மாடமுகப்பு மேற்கே கடலை நோக்கியது. கிழக்கே காலி வீதிக் கட்டடங்கள் எழுந்து வானை மறைத்து நிற்கின்றன. எனவே காலைக் கதிரவன் அவ்வீட்டுக்குள் வருவதில்லை. பிற்பகலிலேதான் வெயில் உள்ளே வரும். சூரியனுக்குப் பொங்கும் விடியலில் சூரியனைக் காண முடியாத வீடு அது. முதலாண்டில் அம்மையார் இதனைப் பெருங்குறையாகக் கருதினார். ஊரில் முற்றத்தை மெழுகிக் கோலமிட்டு, நிறைகுடம் வைத்து, அடுப்புக்கட்டி மூட்டி, பனைமட்டை எரித்துப் பொங்கிய பொங்கலோடு ஒப்பிட்டால், சுவரைப் பார்த்துக்கொண்டு எரிவாயுவிற் பொங்குவது அவருக்குப் பொங்கலாகவே படவில்லை. கணவரோ எழுதுவினைஞராகப் பணியாற்றிய, கணக்கில் நேர்மை பார்க்கும் மனிதர். “நாங்கள் காணேல்லை எண்டதுக்காக அது உதிக்காமல் விடுமே?” என்று கேட்டுவிட்டு, குளித்துத் திருநீறணிந்து, இரு கைகளாலும் அரிசியை அள்ளிப் பானையை மும்முறை சுற்றி இட்டார். அதன்பின் இருபத்துநான்கு தைப்பொங்கல்கள் அவ்வாறே நடந்தன. முதற் கையரிசி என்றும் அவருடையதாகவே இருந்தது.

2019ஆம் ஆண்டு சித்திரை 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை ஆலயம் உட்பட நாட்டின் மூன்று தேவாலயங்களிலும் கொழும்பின் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கொட்டாஞ்சேனை ஆசிரியை முன்னிரவுத் திருவிழிப்புப் பூசைக்குச் சென்றிருந்தமையால் அக்காலையில் வீட்டில் இருந்தார். ஓசை வீட்டுக்குக் கேட்டது. அவர் தெருவிலிருந்து சென்ற சிலர் திரும்பவில்லை. நகரெங்கும் சோதனைச் சாவடிகள் நின்ற அவ்வாரத்தில், வெள்ளவத்தை அம்மையார் கணவரோடு அவரைத் தேடிச் சென்றார். ஆறுதல் கூற முயன்றாரல்லர். சமைத்தார், பாத்திரம் கழுவினார், மாலையானதும் திரும்பினார். மறுவாரமும் சென்றார்.

திருத்தலம் அவ்வாண்டு ஆனி 12ஆம் நாள் மீண்டும் திறக்கப்பட்டது. அடுத்த செவ்வாய்க்கிழமை கொட்டாஞ்சேனை ஆசிரியை அங்கு சென்று மெழுகுதிரி ஏற்றினார். பின்னர் அதைப் பற்றி அவர் தோழியிடம் கூறியது இவ்வளவே: “கேக்கவும் ஒண்ணும் இல்ல, நன்றி சொல்லவும் வாய் வரல்ல. சும்மா நின்னேன், ரீச்சர்.” தப்பியதற்கு நன்றி கூறினால் தப்பாதவரை மறந்தது போலாகும் என்று அவர் அஞ்சினார். இவ்வச்சம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. நன்றி என்பதைப் பேறு பெற்றதன் மகிழ்ச்சி என்று கொண்டால், பிறர் இழந்திருக்க நாம் பெற்றதற்காக மகிழ்வது கொடுமையாகவே முடியும். ஆனால் தமிழில் அச்சொல்லின் பொருள் அதுவன்று.

‘நன்றி’ என்ற சொல் பழந்தமிழில் நன்மை என்னும் பொருளையே தந்தது. திருக்குறளின் பதினோராம் அதிகாரத்துக்குச் ‘செய்ந்நன்றி அறிதல்’ என்று பெயர். செய்யப்பட்ட நன்மையை அறிதல் என்பதே அதன் பொருள். ஆகவே நன்றியுணர்வு என இன்று நாம் வழங்குவதைப் பழந்தமிழர் அறிவின்பாற்பட்டதாகவே கொண்டனர். அறிதல், மறவாமை என்ற வினைகளோடு அதனைச் சேர்த்தனர். மகிழ முடியாதவனும் அறிய முடியும். அழுதுகொண்டிருப்பவனும் மறவாதிருக்க முடியும். ‘நம்பிக்கை’ என்ற சொல்லின் வேரும் இவ்வாறே சிந்திக்கத்தக்கது. ‘நம்பு’ என்பதற்கு விருப்பம் எனப் பொருளுரைக்கும் தொல்காப்பிய உரியியல். நிச்சயம் என்ற பொருள் அதில் இல்லை. வரும் என்று உறுதியாகத் தெரிவதனால் அன்றி, வரவேண்டும் என்ற விருப்பத்தினாலேயே மனிதன் நம்புகின்றான் போலும். நன்றி பின்னோக்கிய அறிவு. நம்பிக்கை முன்னோக்கிய விருப்பம். ஆலயத்தில் ‘சும்மா’ நின்ற ஆசிரியைக்கு விருப்பம் எஞ்சியிருந்தது. இல்லாவிடின் அவர் அங்கு சென்றிருக்கமாட்டார்.

2021 ஆவணியில் வெள்ளவத்தை அம்மையாரின் கணவர் காலமானார். கொரோனாத் தொற்றுக் காரணமாக நாடு ஆவணி 20ஆம் நாள் முதல் ஐப்பசி முதலாம் நாள் வரை முடக்கப்பட்டிருந்த காலம் அது. மகன் ரொறன்ரோவிலிருந்து வர இயலவில்லை. தொலைபேசித் திரையில் இருந்து பார்த்தான். பறை இல்லை, ஊர் இல்லை, தோள்கொடுக்கப் போதிய ஆட்களும் இல்லை. ஊரில் இருந்திருப்பின் அந்தியேட்டிக்குக் கீரிமலைக்குச் சென்றிருப்பர். அதற்கும் வழியின்றி, முப்பத்தோராம் நாட்கிரியையின்போது களனி கங்கை கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில் அஸ்தி கரைக்கப்பட்டது. வெள்ளவத்தையிலிருந்து முகத்துவாரம் செல்லும் வழி கொட்டாஞ்சேனை ஊடாகவே போகின்றது. கரையில் ஒரு முதிய பெண் குடைபிடித்து நின்றார். கிரியையின் மந்திரம் அவருக்குத் தெரியாது. மணலில் எவ்விடத்தில் நிற்கலாம் என்பதும் தெரியாது. முடிந்ததும் தோழியைத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்று, கால் கழுவத் தண்ணீரும் குடிக்கத் தேநீரும் கொடுத்தார். 2019இற் கழுவப்பட்ட பாத்திரங்களை அவர் மறக்கவில்லை.

2022 தை 14ஆம் நாள் அம்மையாரின் வீட்டிற் பானை வைக்கப்படவில்லை. மாடிப்படிகளிற் கோலம் இருந்தது; அவர் வாயிலில் மட்டும் இல்லை. உண்மையில் அவருக்கு அது நிம்மதியாக இருந்தது. யாரும் அவரிடம் எதனையும் எதிர்பார்க்கவில்லை. ஒன்பது மணியளவிற் கதவு தட்டப்பட்டது. கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வந்த தோழி ஒரு தூக்குச்சட்டியோடு நின்றார். “உங்க வீட்டில இந்த வருஷம் பொங்கல் இல்லைதானே, ரீச்சர். அதான் எங்க வீட்டில கொஞ்சம் கூடவே பொங்கினேன்.” கத்தோலிக்கத் தமிழரிடையும் தைப்பொங்கல் கொண்டாடப்படுகின்றது, சில ஆலயங்களில் நன்றித் திருப்பலியும் ஒப்புக்கொடுக்கப்படும். ஆயினும் அவ்வாண்டு அவர் பொங்கியது வழக்கத்துக்காக அன்று என்பது சொல்லாமலே விளங்கும். துக்க வீட்டார் பொங்கக்கூடாது என்ற விதிக்குள், அயலார் கொடுப்பதை உண்ணலாம் என்ற சிறு வாயிலொன்றும் திறந்தே இருந்தது. அவ்வாயிலூடாகச் சர்க்கரைப் பொங்கல் ஒரு கிண்ணம் வீட்டினுள் வந்தது.

அதன்பின் வந்தது நாடே பானை வைக்க முடியாத காலம். எரிவாயு இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, பால்மா இல்லை. பங்குனி இறுதியில் ஒரு நாளில் 13 மணிநேர மின்வெட்டு. சித்திரையில் இளைஞர் காலிமுகத்திடலிற் கூடினர். நான்கு மாடி ஏறி இறங்க வேண்டியிருந்தமையால் அம்மையார் பல நாட்கள் வெளியே செல்லவில்லை. தொடர்மாடியில் வாழ்ந்தோர் ஒருவரையொருவர் அறியத் தொடங்கியது அப்போதுதான். எரிவாயு தீர்ந்தோர் மொட்டைமாடியிற் செங்கல் அடுக்கி விறகு மூட்டினர். ஒரு வீட்டார் விறகு கொண்டுவந்தனர். இன்னொரு வீட்டார் பெரிய பாத்திரம் கொண்டுவந்தனர். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என மூவரும் வாழும் கட்டடம் அது. அம்மையாருக்கு வேண்டிய சோறும் பருப்பும் பல நாட்கள் அவ்வடுப்பிலேயே வெந்தன. வலிகாமத்து முற்றத்தில் எரிந்த அடுப்பு கால்நூற்றாண்டின் பின் வெள்ளவத்தை வானத்தின் கீழ் மீண்டும் எரிந்தது. பஞ்சம் நன்மை தரும் என்று இதனால் எவரும் கூறிவிடலாகாது. வரிசையில் நின்று மயங்கி விழுந்தோருக்கும் மருந்தின்றித் தவித்தோருக்கும் அது வெறும் கொடுமையே. ஆயின் அக்கொடுமையின் நடுவே யார் சோறு தந்தார் என்பதை அறிந்து வைத்திருத்தல் வேறு. கொடுமைக்கு நன்றி கூறுதல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் குழப்பும் ஆன்மிகம் துயருற்றோருக்கு உதவாது.

2022 ஆவணியில் ஆட்டைத் திவசம் நிறைவுற்றது. விலக்கு நீங்கியது. அம்மையாரை உண்மையான அச்சம் பிடித்தது அதன் பின்னரேயாகும். மார்கழி பிறந்ததும் அது வளர்ந்தது. இனிப் பொங்கலாம், பொங்கவும் வேண்டும். ஆனால் முதற் கையரிசியை இடுவது யார்? கணவனை இழந்த பெண்ணை மங்கல காரியங்களில் முன்னிறுத்தாத வழக்கம் நம்மிடையே இன்னும் முற்றாக நீங்கவில்லை. அதே கட்டடத்தில் வாழும் பெறாமகன் நல்லெண்ணத்தோடு வந்து, “பெரியம்மா, நானும் அவவும் வந்து அரிசி போடுறம். நீங்கள் பக்கத்தில இருங்கோ” என்றான். அவனிற் குறை காண்பதற்கில்லை; தன் தாய் செய்ததையே அவனும் சொன்னான். அம்மையார் அன்று விடை கூறவில்லை. மறுநாள் அவனை அழைத்து, “அவர் உழைச்ச சோறு நான் திண்டது, தம்பி. நானே போடுறன்” என்றார்.

வாதமாகவோ புரட்சியாகவோ அவர் இதனைச் சொல்லவில்லை. அவர் கணவரைப் போலவே கணக்கு முறையிற் சிந்தித்தார் என்பதே பொருத்தமாகும். கடனைத் தீர்க்க வேண்டியவர் கடன்பட்டவரே. உண்ட கை ஒன்றாகவும் அரிசியிடும் கை வேறொன்றாகவும் இருப்பின், அங்கு நன்மை அறியப்பட்டதாகாது. கைம்பெண்ணின் கையை விலக்கி வைக்கும் வழக்கம் அவளை மட்டும் சிறுமைப்படுத்துவதில்லை. இறந்தவன் செய்த நன்மைக்குச் சாட்சி கூறத்தக்க ஒரே கையையும் கட்டிப்போடுகின்றது. துக்க ஆண்டில் பொங்கற்க என்று இரக்கம் காட்டிய அதே சமூகம், துக்கம் முடிந்த பின்னரும் ‘நீ முன்னே வராதே’ என்று கூறுமிடத்து, அவ்விரக்கம் தன் பயனை இழந்துவிடுகின்றது. வழக்கங்களை முற்றாகத் தள்ளுவோரும் முற்றாகக் கொள்வோரும் காணாத வேறுபாடொன்றை அம்மையார் கண்டார். விலக்கை ஓராண்டுக்கு ஏற்றார். அதற்கு மேல் ஏற்கவில்லை.

2023 தை 15ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை. விடியுமுன் எழுந்து முழுகி, வாயிலிற் சிறு கோலமிட்டார். சமையலறை மேடையில் வாழையிலை விரித்தார். ரொறன்ரோவில் அப்போது முன்னிரவு. யன்னலுக்கு வெளியே பனி. மகன் திரையிற் காத்திருந்தான். அந்நாட்டில் தைமாதச் சூரியனுக்குச் சூடே இல்லை என்று பேத்தி சொன்னாள். சூரியனைக் காணாமற் பொங்குவதில் வெள்ளவத்தைக்கும் ரொறன்ரோவுக்கும் பெரும் வேறுபாடில்லை என்று அம்மையார் எண்ணியிருக்கக்கூடும். பெறாமகனும் மனைவியும் ஒருபுறம் ஒதுங்கி நின்றனர். பால் கொதித்து எழுந்தது. அரிசியை இரு கைகளாலும் அள்ளி, சுவரைப் பார்த்தபடி, பானையை மும்முறை சுற்றி இட்டார். கை நடுங்கியமையாற் சில அரிசிகள் மேடையிற் சிந்தின.

விறகடுப்பிற் பால் வழிந்தால் நெருப்புச் சீறும், பின் எரியும். எரிவாயு அடுப்பில் அவ்வாறன்று. பொங்கி வழிந்த பால் சுடரை அணைத்துவிட்டது. ஆண்டுதோறும் நிகழ்வதுதான். ஆண்டுதோறும் கணவர் அதைப் பார்த்துச் சிரிப்பார். அம்மையார் வாயுவை மூடினார். துணியால் அடுப்பைத் துடைத்தார். அங்கு நின்ற எவரும் பேசவில்லை. நெருப்புப் பெட்டியை எடுத்து மீண்டும் மூட்டினார். மூன்றாம் குச்சியிற் பற்றிக்கொண்டது. பயறும் சர்க்கரையும் கஜுவும் முந்திரிகை வற்றலும் இட்டுப் பொங்கல் இறக்கப்பட்டது.

அன்று முற்பகல் அவர் ஒரு தூக்குச்சட்டியோடு பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குச் சென்றார். முன்னாண்டு வந்த அதே சட்டி அது. வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது வழக்கமன்று. பூசை முடிந்து வந்திருந்த தோழி ஒரு வாய் உண்டு, “சர்க்கரை கொஞ்சம் கூடிப்போச்சு, ரீச்சர்” என்றார். இருவரும் சிரித்தனர். திரும்பி வந்தபோது பிற்பகலாகியிருந்தது. மாடமுகப்பிலும் அறைத்தரையிலும் வெயில் விழுந்து கிடந்தது. காலையில் வைத்த வாழையிலையை எடுத்து அவ்வெயிலில் வைத்தார்.

தை பிறந்தால் வழி பிறக்கும் என்ற பழமொழி பொய்யன்று. ஆனால் அது தானாகப் பிறப்பதில்லை. கதிர்காமத்துக்குச் செல்ல இயலாதோர் காலி வீதியிலே தேரை இழுத்தனர். கடல் அரித்த கரையில் மீனவர் ஒரு குருவைத் தேடிச் சென்றனர். நன்றி கூற வாயெழாத ஒருவர் மெழுகுதிரியுடன் சென்று சும்மா நின்றார். பருவம் மாறுவது மனிதன் கையில் இல்லை. உறவு பிரிவதும் அவன் கையில் இல்லை. யார் என்ன நன்மை செய்தார் என்பதை அறிந்து வைத்திருப்பதும், அதை உரியவரிடம் சேர்ப்பிப்பதும் அவன் கையில் உள்ளன. தூக்குச்சட்டி இவ்வாண்டு எவ்வீட்டில் இருக்கின்றது என்பதை நினைவில் வைத்திருப்போருக்கு அடுத்த தை வரும்.